சூர்யகலாவின் இரண்டாவது கருந்துளை

வைவாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. சூர்யகலாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, பின்னால் ஒரு கேலக்ஸியைச் சுழலவிட்டு, "கருந்துளை கண்ட காரிகையே!" என்று மேலே போட்டு, பெயருக்கு முன்னால் "முனைவர்" என்றும் சேர்த்திருந்தார்கள். இன்னும் கொடுக்காத பட்டத்தை எப்படி ஒட்டிக்கொள்வது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிற ஊரா இது? ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்த கடைக்காரன் இஷாக்குக்கு மட்டும் வேறொரு சந்தேகம் வந்தது. "அக்கா, கருந்துளைன்னா கருப்பாத்தான இருக்கணும்? கருப்பா வட்டம் போட்டா பிரிண்ட்ல கறை பட்ட மாதிரி தெரியும். ஆரஞ்சு போட்டுரவா?" என்று சூர்யகலாவிடம் கேட்டான். போட்டும் விட்டான்.

ஃப்ளெக்ஸ் ஏற்பாடு அவள் கணவன் கமலக்கண்ணனுடையது. திண்டுக்கல் நாகல் நகரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். மனைவியின் ஆராய்ச்சியை அவளைவிட அதிகம் பேசியவன் அவன்தான். கருகிப்போன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயியை உட்காரவைத்து, "ஒண்ணை ஒண்ணு சுத்துதுண்ணே, ரெண்டு கருந்துளை. என் வீட்டுக்காரிதான் கண்டுபுடிச்சா" என்று ஆரம்பித்தால், அந்த ஆள் தண்ணீர் பாய்ச்சுகிற கவலையையே மறந்துவிடுவார்.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு கடைசியாக நடக்கும் வாய்மொழித் தேர்வுதான் வைவா. விதிப்படி அது பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். நம் பக்கத்தில் இந்த "யார் வேண்டுமானாலும்" என்பதற்கு மாமன், மச்சான், சம்பந்தி வகையறா என்று பொருள் கொண்டுவிட்டார்கள். வேன் பிடித்து வருவார்கள். பட்டுப்புடவை, சால்வை, பூங்கொத்து, மத்தியானம் பிரியாணி எல்லாம் உண்டு. தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று எழுந்து சொல்வது தாலி கட்டுகிற நேரம் மாதிரி. அதுவரை நடக்கிற ஆங்கிலம் எல்லாம் யாருக்கும் புரியாது, புரியவும் வேண்டாம்.

சூர்யகலா பிறந்தது பழனிக்குப் பக்கத்தில் கீரனூர். அப்பா சுருளிவேலுக்குத் தென்னையும் கொஞ்சம் மக்காச்சோளமும். பெண் பௌதிகம் படிக்கப் போகிறேன் என்றபோது, அது என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார். கல்யாணமாகித் திண்டுக்கல் வந்து, ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். பகலெல்லாம் பிள்ளைகளுக்கு லென்ஸும் பெண்டுலமும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பகுதிநேரமாக ஆய்வுக்குப் பதிந்துகொண்டாள். ஒன்பது வருடம் ஓடிப்போயிற்று. கேட்ட நீட்டிப்பெல்லாம் கிடைத்து, இனிமேல் நீட்டிப்பே கிடையாது என்ற இடத்துக்கு வந்து நின்றாள். பட்டம் இல்லாதவர்களை வரும் ஜூனிலிருந்து வைத்துக்கொள்வதில்லை என்று கல்லூரி நிர்வாகமும் சொல்லிவிட்டது. ஆகவே இந்த வைவாவில் பட்டம் வந்தால் உண்டு. வராவிட்டால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை, கல்லூரி ஆய்வகக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரும் நாற்காலியும் இல்லை.

வானியல் ஆராய்ச்சி என்றால் இரவெல்லாம் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு நிற்பாள் என்று தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெரிய தொலைநோக்கியைத் தொட்டதுகூட இல்லை. எங்கெங்கோ மலை உச்சிகளில் உள்ள தொலைநோக்கிகள் வருடக்கணக்காக வானத்தைப் படம் எடுத்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டு வைத்திருக்கின்றன. அவற்றை இறக்கி, மத்தியானச் சாப்பாட்டு வேளையில், மின்விசிறி கடகடக்கும் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளப்பதுதான் அவள் செய்தது. பூதக்கண்ணாடி வைத்து அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. அதில் அவளுக்கு அலுப்பே வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அவள் பார்த்தது இருநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒரு கேலக்ஸி. அதன் நடுவில் ஒரு கருந்துளை. சுற்றிலும் உள்ள வாயுவை அது இழுத்து விழுங்குகிறது. விழுகிற வாயு சூடேறி ஒளிர்கிறது. பொதுவாக அந்த வெளிச்சம் கண்டபடி கூடும், குறையும். ஆனால் இந்தக் கேலக்ஸியின் வெளிச்சம் மூன்று வருடத்துக்கு ஒரு சுற்று என்று அலைபோல ஒழுங்காக ஏறி இறங்குவதைக் கண்டாள். அப்படியானால் நடுவில் இருப்பது ஒன்றல்ல, ஒன்றை ஒன்று சுற்றும் இரண்டு என்று கணக்குப் போட்டு எழுதினாள். ஒரு ஆய்விதழ் வெளியிட்டது. செய்தித்தாள்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்களும் நன்று என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இந்த அளவையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாள் வானத்தில் மெல்லிய மேகம் இருக்கும், ஒரு நாள் தூசி இருக்கும். ஆகவே படத்தில் தெரியும் வெளிச்சத்தை அப்படியே நம்பக் கூடாது. அதே படத்தில் பக்கத்தில் உள்ள மாறாத நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். தராசில் படிக்கல் மாதிரி. சூர்யகலாவின் பழைய படங்களில் நல்ல வெளிச்சமாக இருந்தது ஒரே ஒரு நட்சத்திரம்தான், சற்றுச் சிவந்தது. மற்றவை எல்லாம் மங்கல். முதல் எட்டு மாதப் படங்களில் அதைச் சோதித்தாள். அசையாமல் இருந்தது. அதையே படிக்கல்லாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த ஒன்பது வருடப் படங்களையும் அளந்துவிட்டாள்.

தவறு வெளியே வந்தது மாமன் மச்சான்களால்தான். கீரனூரிலிருந்து வேன் ஏறி வருகிறவர்கள் புரியாத ஆங்கிலத்தின் முன்னால் இரண்டு மணி நேரம் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்களே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவர்களுக்காகத் தமிழில் ஒரு படம் போட நினைத்தாள். மேலே கேலக்ஸியின் அலை, "இது மாறுகிறது" என்று. கீழே நட்சத்திரத்தின் நேர்கோடு, "இது மாறாது" என்று. நேர்கோடுதானே, இழுத்துவிட்டுப் போயிருக்கலாம். வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவளுடைய பாழாய்ப்போன புத்தி விடவில்லை. மங்கலான நான்கு நட்சத்திரங்களைச் சேர்த்து, அவற்றோடு அந்தச் சிவந்த நட்சத்திரத்தை எல்லா வருடத்துக்கும் முறையாக அளந்து கோடு போட்டாள்.

கோடு நேராக வரவில்லை. அலையாக வந்தது. அதே மூன்று வருடம். கேலக்ஸி ஏறுகிற இடத்திலெல்லாம் நட்சத்திரம் இறங்கியது, கேலக்ஸி இறங்கியபோதெல்லாம் நட்சத்திரம் ஏறியது. அவள் முதலில் சோதித்த எட்டு மாதமும் அலையின் உச்சியில், அது திரும்புவதற்கு முன்னால் சற்றுத் தயங்கி நின்ற இடம். கேலக்ஸி ஒரு பாவமும் அறியாது. படிக்கல்தான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை இளைத்துப் பருத்துக்கொண்டிருந்திருக்கிறது. கிழட்டுச் சிவப்பு நட்சத்திரங்களில் சிலதுக்கு அந்தக் குணம் உண்டு. அவளே பிள்ளைகளுக்கு அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க இரண்டு மாணவிகள் வந்தார்கள். எதில் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டுக் கொடுத்தாள். "மேம், வைவாக்கு நாங்களும் வாரோம். நாங்கதான் ஃபர்ஸ்ட் ரோ" என்றாள் ஒருத்தி.

அடுத்த மூன்று நாளும் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நான்கு மங்கல் நட்சத்திரங்களில் எதுவோ கோளாறு என்று ஒன்றை நீக்கிப் பார்த்தாள், இன்னொன்றை நீக்கிப் பார்த்தாள், வேறு நான்கை எடுத்துப் பார்த்தாள். அலை அப்படியே இருந்தது. வேறொரு தொலைநோக்கியின் படங்களை இறக்கிப் பார்த்தாள். அதிலும் இருந்தது. கடைசியில் பழனியாண்டவரிடமே போய் நின்றாள். எத்தனையோ பேர் என்னென்னவோ வேண்டிக்கொள்கிற சந்நிதியில், அந்த நட்சத்திரம் அசையாமல் இருந்திருக்க வேண்டும் அப்பனே என்று வேண்டிக்கொண்டாள். சாமி என்ன செய்யும்? அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியே ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. கீழே இறங்கும்போது, ஒரு படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் போனவர்கள் ஏதோ பெரிய வேண்டுதல் போல என்று விலகிப் போனார்கள்.

யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்தாள். வானத்தில் கோடிக்கணக்கான கேலக்ஸிகள். அதில் ஒரு மூலையில் திண்டுக்கல்காரி ஒருத்தி ஒன்றுக்குப் பதில் இரண்டு என்று எழுதிவிட்டால் யார் குடி முழுகிவிடும்? இந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் சோறு இறங்கியது. அடுத்த வேளை அதுவும் இறங்கவில்லை. கமலக்கண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரீட்சைப் பயம். பத்தாங்கிளாஸ்ல எனக்கும் இப்பிடித்தேன் இருந்துச்சு. அம்புட்டையும் தலையில ஏத்திக்கிறாத" என்று சோடா வாங்கிவந்து கொடுத்தான். அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

சொன்னது ஒருவரிடம்தான். அவளுடைய ஆய்வு நெறியாளர் பெருமாள்சாமி. அரசுக் கல்லூரியில் பேராசிரியர், மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். வீட்டு வரவேற்பறையில், அவள் நீட்டிய இரண்டு அலைகளையும் கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார். சர்க்கரைக்காரர். நெற்றி வேர்த்துவிட்டது.

"இது நானும் கேட்ருக்கணும்மா. எட்டு மாசம் போதுமான்னு நான்தான் கேட்ருக்கணும்" என்றார்.

"என்ன செய்யுறது சார்?"

"வைவாவைத் தள்ளிப்போட்டா நான் போயிருவேன். உன் ரெஜிஸ்ட்ரேஷனும் செத்துரும். வேற ஆளுகிட்ட மாத்தி, புதுசா ஆரம்பிச்சு... ஆகுற கதையா? ஒண்ணு செய்யி. வைவா முடியட்டும். அப்புறமா நம்மளே அந்தப் பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதிப் போட்டுருவோம். இப்ப வாயைத் தொறக்காத."

"வெளியூர்லருந்து வர்ற அந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டா?"

"ஆனந்த்ராஜா? நல்ல மனுசன். பஸ்ஸைப் புடிக்கிற அவசரத்துல இருப்பாரு. கேக்க மாட்டாரு." சற்றுப் பொறுத்து, கையைப் பிடிக்காத குறையாக, "ஏம்மா, இது என் கடைசி ஸ்டூடண்டோட வைவா" என்றார்.

சரி சார் என்றாள். வெறும் வாயால் சொல்லவில்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். அவளை நல்லவள், உத்தமி என்று இப்போதே யாரும் முடிவுகட்ட வேண்டாம். வைவா அன்று காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனபோது வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் போனாள். அந்தத் தமிழ்ப் படத்தையும் நீக்கிவிட்டாள்.

அரங்கு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மாணவிகள், அதற்குப் பின்னால் கீரனூர் வேன் ஆட்கள், ஓரமாகக் கமலக்கண்ணனின் கடை வாடிக்கையாளர்கள்கூட நாலைந்து பேர். சுருளிவேல் வெள்ளை வேட்டியில், மடியில் சால்வையை வைத்துக்கொண்டு, மகள் திரையில் காட்டிய ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் பேசி முடித்தாள். எக்ஸ்டர்னல் ஆனந்த்ராஜ் மெதுவான குரல்காரர். சின்னச் சின்னதாகச் சில கேள்விகள் கேட்டார். அவள் நன்றாகவே பதில் சொன்னாள். பெருமாள்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடிந்தது என்று எல்லோருக்கும் தோன்றிய நேரத்தில் ஆனந்த்ராஜ் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைப் புரட்டி விரல் வைத்தார். நடந்தது ஆங்கிலத்தில். தமிழில் இவ்வளவுதான்.

"இந்த ஒப்பீட்டு நட்சத்திரம். இதோட நிலைத்தன்மையை முழுக் காலத்துக்கும் சரிபார்த்தீங்களா?"

சூர்யகலா திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பெருமாள்சாமி சொல்லிவிட்டார். "பார்த்திருக்காங்க சார். முழுசா பார்த்திருக்காங்க."

முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்ற மனிதர். அவள் அறிய ஒரு அளவையைக்கூட அவர் பொய்யாக எழுதச் சொன்னதில்லை. அந்த வாயிலிருந்து, அவளுக்காக, அவள் முன்னாலேயே ஒரு பொய் வந்து விழுந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனந்த்ராஜ் திருப்தியோடு பேனாவை எடுத்தார். சூர்யகலா சும்மா நின்றால் போதும். ஒரு சொல்லும் பேச வேண்டாம். அவர் எழுதிவிடுவார்.

"ஆமா சார், பார்த்தேன்" என்றாள். "முழுக் காலத்துக்கும் பார்த்தேன். போன வாரம்தான் பார்த்தேன். அது நிலையா இல்ல."

பேனா நின்றது. அவள் மடிக்கணினியில் இரண்டு அலைகளையும் திறந்து திரையில் போட்டாள். விளக்கவே தேவையிருக்கவில்லை. ஆனந்த்ராஜ் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "அப்ப ரெண்டாவது கருந்துளை?" என்றார்.

"இல்ல சார். ஒண்ணுதான் இருக்கு. ரெண்டாவது நானா வச்சது."

எக்ஸ்டர்னலும் பெருமாள்சாமியும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பெருமாள்சாமி ஏதோ கெஞ்சுவது தெரிந்தது. ஆனந்த்ராஜ் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் அது பிடித்த வேலையாக இல்லை. பிறகு எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சபையைப் பார்த்து, இந்த ஆய்வாளரின் நேர்மையை மதிக்கிறேன், ஆனால் ஆய்வேட்டின் முடிவே விழுந்துவிட்டதால் பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாத நிலையில் இருக்கிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொல்லி உட்கார்ந்தார்.

அரங்கு அதிரக் கைதட்டியது.

கமலக்கண்ணன் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தான். அந்தப் பெரியவர் எழுந்து இங்கிலீஷில் பேசி உட்கார்ந்ததும் தட்ட வேண்டும், மண்டபம் அதிர வேண்டும் என்று. மாணவிகளுக்குப் புரிந்திருந்தது, அவர்கள் கை மடியிலேயே கிடந்தது. மற்ற அத்தனை பேரும் தட்டினார்கள். வேன்காரர் விசில் அடித்தார். ஆனந்த்ராஜ் திடுக்கிட்டுப் பெருமாள்சாமியைப் பார்த்தார். பெருமாள்சாமி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

அதற்குள் சுருளிவேல் மேடையேறிவிட்டார். சால்வையை உதறி மகளின் தோளில் போட்டுச் சுற்றிவிட்டார். "பெரிய படிப்பெல்லாம் படிச்சுப்போட்டியே அம்மிணி" என்று அவருக்குக் குரல் உடைந்தது. சூர்யகலா அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

"அப்பா, கெடைக்கலப்பா" என்றாள்.

"என்ன கண்ணு?"

"பட்டம் குடுக்கலப்பா. நான் கண்டுபுடிச்சது தப்பு."

புடவையில் குத்தியிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அவள் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. கைதட்டல் ஒரேயடியாக நிற்கவில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டி ஓய்ந்தது. சுருளிவேல் போட்ட சால்வையை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அதன் ஒரு முனையைப் பிடித்தபடியே நின்றார்.

கமலக்கண்ணன் ஓடிவந்தான். முகம் சிவந்திருந்தது. "யாரு கெடுத்தது? அந்தாளா? என்ன கேள்வி கேட்டு மாட்டிவிட்டான் சொல்லு" என்று எக்ஸ்டர்னல் பக்கம் திரும்பினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் இல்லங்க. அவர் எழுதத்தான் போனாரு. நான்தான் சொன்னேன்."

"நீயா?" அவனுக்குப் புரியவே இல்லை. "ஒம்போது வருசம் புள்ள. ஞாயித்துக்கெழமை உண்டா, ஒரு நல்லது கெட்டது உண்டா... ஏன் சொன்ன? செத்த நேரம் பேசாம நின்னுருக்கலாம்ல?"

"நின்னுருக்கலாம்."

உண்மையைச் சொன்னோம் என்ற நிம்மதியோ பெருமையோ அவளுக்குத் துளியும் வரவில்லை. ஜூன் மாதம் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்றே அவளுக்கும் பட்டது. அவன் இன்னும் பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நின்னுருக்கலாங்க" என்றாள் மறுபடியும். "ஆனா அதுக்கப்புறம் நான் எதைப் பாத்து நம்புறது?"